முதுகில் விழுந்த சுருக்கம்

கடற்கரையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் வெந்நீர். முதுகுக்குப் பின்னால் சொல்லும் பெயர் என்று நினைக்க வேண்டாம். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். பெயருக்கு இரண்டு காரணம். குளிர்காலத்தில் அலைச்சறுக்குப் போகிறவர்கள் தண்ணீரில் இறங்கும் முன்னால் அவள் கெட்டிலோடு வாசலுக்கு வந்து, ஒவ்வொருவர் கழுத்துப் பட்டையையும் இழுத்து, வெட்சூட் என்கிற அந்த இறுக்கமான ரப்பர் உடைக்குள் ஒரு குவளை இதமான வெந்நீர் விடுவாள். அது உடம்போடு ஒட்டிக்கொள்ளும். முதல் அலை வந்து அறையும்போது உயிர் போகிற மாதிரி இருக்காது. இது ஒரு காரணம். இரண்டாவது காரணத்தைச் சொல்லத் தேவையில்லை, கடையில் போய் இரண்டு நிமிடம் நின்றால் தானாகவே புரியும்.

கடை அவள் அண்ணனுடையது. அலைச்சறுக்குப் பலகைகள் ஒரு பக்கம், வெட்சூட்டுகள் ஒரு பக்கம், நடுவில் எப்போதும் ஈரமாக இருக்கும் தரை. கல்லாவில் அண்ணன். சூட் எடுத்துக் கொடுப்பதும், அளவு பார்ப்பதும், கிழிந்ததை ஒட்டுவதும் அவள் வேலை. அவர்களுடைய அப்பா சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியவர். ரப்பரைச் சுரண்டி, பசை தடவி, ஊதி, காயவிட்டு, அழுத்திப் பிடிக்கிற வேலை அவளுக்குப் பாவாடை கட்டிய நாளிலேயே வந்துவிட்டது. பசையைக் காயவிடும்போதுதான் அவளுக்குப் பொறுமை இருக்கும். மற்ற நேரத்தில் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரிதான் நிற்பாள்.

அளவு விஷயத்தில் அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது. வருகிறவர் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள், இறுக்குகிறது, கொஞ்சம் தளர்வாகக் கொடுங்கள் என்று. அங்கேதான் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"தளர்வா வேணும்னா பைஜாமா போட்டுக்கிட்டு எறங்குங்க. இது தண்ணியே உள்ள வராம தடுக்குற சட்டை இல்லைங்க. கொஞ்சூண்டு தண்ணி உள்ள வரும், அதை உங்க உடம்பு சூடாக்கி வச்சுக்கும். அந்தத் தண்ணி வெளிய போகாம இருக்கத்தான் இறுக்கம். தளர்வா இருந்தா சூடானது வெளிய போயிடும், பச்சைத் தண்ணி உள்ள வரும். ஒவ்வொரு அலைக்கும் புதுசா குளிப்பீங்க. சம்மதமா?"

அப்புறம் "திரும்புங்க" என்பாள். முதுகில் இடுப்புக்கு மேலே கட்டைவிரலால் தடவிப் பார்ப்பாள். அக்குளில் பார்ப்பாள். முழங்காலுக்குப் பின்னால் பார்ப்பாள். ஒரு சுருக்கம் கண்ணில் பட்டால் போதும், "கழட்டுங்க." பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி, அண்ணனுக்கு வேண்டப்பட்டவராக இருந்தாலும் சரி, கழற்றித்தான் ஆக வேண்டும். ஒரு முறை ஒரு தகப்பனார் தன் பெண்ணுக்கு ஒரு சைஸ் பெரிதாகக் கேட்டார். வளர்கிற பிள்ளையாம். "வளர்ற பிள்ளைன்னா செருப்பைப் பெரிசா வாங்குங்க, பாவாடையைப் பெரிசா தைங்க. இதைப் பெரிசா வாங்கினா பிள்ளை வளராது, வெறைக்கும்" என்று அவள் சொன்னதைக் கேட்டு, அந்த மனிதர் வாங்கவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

இப்படிப்பட்டவள் தன் சொந்தப் பெண்ணுக்கு என்ன செய்தாள் தெரியுமா? அதைச் சொல்லத்தான் இந்தக் கதையே. ஆனால் அதற்கு முன்னால் அவள் புருஷனைப் பற்றியும் அந்தக் கடலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவள் கோபத்தில் பாதி புருஷனுக்கு, மீதி கடலுக்கு.

கடலுக்குப் பருவம் தாமதமாகத்தான் உறைக்கும். வெயில் காலம் முடிந்து மழையும் காற்றும் ஊரை நடுக்கிக்கொண்டிருக்கும்போது கடல் வெதுவெதுவென்று இருக்கும். கோடை முழுக்கக் குடித்த வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். அதே போல, குளிர்காலம் முடிந்து முதல் வெயில் பளீரென்று அடிக்கும்போதுதான் கடல் ஆகக் குளிர்ந்து கிடக்கும். மணல் காலைச் சுடும், தண்ணீர் எலும்பைக் கடிக்கும். இது அந்தக் கடற்கரையில் பலகை பிடிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே செய்கிற முட்டாள்தனத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அந்த முட்டாள்தனத்துக்குப் பெயர் தோலுரிப்பு. முதல் வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமை, அங்கே அலைச்சறுக்குகிற ஆண்பிள்ளைகள் எல்லோரும் ஐந்து மில்லி தடிமன் உள்ள குளிர்கால சூட்டைக் கழற்றிக் கடாசிவிட்டு, மூன்று மில்லி மெல்லிய சூட்டில் தண்ணீரில் இறங்குவார்கள். முதலில் இறங்குகிறவனுக்குக் கைதட்டல். இன்னும் தடிமனில் இருக்கிறவனுக்குக் கம்பளிப்பூச்சி என்று பட்டம். "கம்பளிப்பூச்சி, கம்பளிப்பூச்சி, இலை வேணுமா?" என்று கரையெல்லாம் கேலி. ஒருத்தனுக்கும் அன்றைக்குக் குளிராது. அதாவது, குளிருகிறது என்று ஒருத்தனும் சொல்ல மாட்டான். உதடு நீலம் பாரித்துப் போய், "என்னா வெயிலு!" என்பான்.

இதை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் அவள் புருஷன்தான். அலைச்சறுக்குக் கற்றுக்கொடுப்பவன் என்பதால் எல்லோருக்கும் அவன் மாஸ்டர். நல்லவன். யாரையும் கடிந்து பேச மாட்டான். அவள் திட்டினால்கூடச் சிரிப்பான், அதனால் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். இரண்டு தோலுரிப்புக்கு முன்னால் அவன் மெல்லிய சூட்டில் காலை முழுக்கத் தண்ணீரில் கிடந்துவிட்டு, கடைக்குள் வந்து, ஏதோ சொல்ல வாயெடுத்தவன் நாக்குக் குழறி, வெட்டிய மரம் மாதிரி அந்த ஈரத் தரையில் விழுந்தான். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் போட்ட கூச்சல் எதிர்த் தெரு வரைக்கும் கேட்டது. கண் விழித்ததும் அவன் சொன்னது: "சும்மா தலை சுத்துச்சு. காலைல சாப்பிடல." அந்தப் பொய்யை அவள் இன்றைக்கு வரைக்கும் மன்னிக்கவில்லை. விழுந்ததைக்கூட மன்னித்திருப்பாள்.

அன்றிலிருந்து அவளுக்குத் தடிமன்தான் வேதம். தினம் காலையில் படகுத்துறை ஓரத்திலிருந்து வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டு, வெப்பமானியை விட்டுப் பார்த்து, கடை வாசல் கரும்பலகையில் எண்ணைப் பெரிதாக எழுதுவாள். கீழே "தடிமன் போடு" என்று எழுதிக் கோடு இழுப்பாள்.

"ஒன்பதுன்னு இவ்வளவு பெரிசா எழுதாதடி, வர்றவன் அப்படியே திரும்பிப் போறான்" என்று அண்ணன் புலம்புவான்.

"போகட்டும். நடந்து போறான்ல? தூக்கிட்டுப் போறதுக்கு இது தேவலை."

பெண் ஒருத்திதான் அவர்களுக்கு. பதினைந்து வயது, பட்டப் பெயர் வாலு. அப்பாவின் கையும் காலும், அம்மாவின் வாயும் மூக்கும். பலகையில் நின்றால் அலை அவளுக்காகவே வந்த மாதிரி இருக்கும் என்று கடற்கரையில் பேசிக்கொள்வார்கள். பயிற்சி அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்கான போட்டி குளிர் முடிகிற சமயத்தில் நடக்கும். ஜெயிக்கிறவளுக்கு இடம், வருஷம் முழுக்கப் பெரிய ஆட்களிடம் பயிற்சி, வெளியூர்ப் போட்டிகள். வாலுவுக்கு அந்த ஓர் இடத்தைத் தவிர வேறு பேச்சே கிடையாது. அடுத்த வருஷம் அவள் வயதுப் பிரிவு மாறிவிடும். போனால் போனதுதான்.

குளிர்காலத் தொடக்கத்தில் வாலுவுக்குப் புதுத் தடிமன் சூட் எடுக்க வேண்டி வந்தது. பழையது கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. வெந்நீர் தானே அலமாரியில் தேடி எடுத்தாள். மகளின் அளவைப் பார்த்தாள், அதற்கு அடுத்த அளவையும் பார்த்தாள். பெண் அந்த வருஷம் விடுவிடுவென்று வளர்ந்துகொண்டிருந்தாள். அடுத்த குளிருக்கும் ஆகட்டுமே என்று பெரியதை எடுத்துவிட்டாள்.

ஆமாம். அந்தத் தகப்பனாரை வாயடைக்க வைத்தவளேதான்.

அவளைக் கேட்டால் அந்த நேரத்தில் தான் அப்படி நினைக்கவே இல்லை என்று சத்தியம் செய்திருப்பாள், அதுவும் பொய்யாக இருக்காது. கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது அவள் வெந்நீர். வீட்டுச் சாமான் எடுக்கும்போது அவள் எல்லா அம்மாக்களையும் போல ஓர் அம்மா. பாவாடையில் மடிப்பு வைத்துத் தைப்பவள், பள்ளிச் சட்டையைத் தோள் தொங்கத் தொங்க வாங்குகிறவள். மகளைத் திருப்பி நிறுத்தி முதுகைத் தடவிப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. வீட்டுப் பிள்ளையை யார் வாடிக்கையாளர் மாதிரி நிறுத்திப் பார்ப்பார்கள்?

குளிர்காலம் முழுக்க வாலு சொல்லிக்கொண்டேதான் இருந்தாள்.

"அம்மா, இதுல தண்ணி உள்ள வருதும்மா."

"முதுகு ஜிப்பை மேல வரைக்கும் இழு. வராது."

"இழுத்தாலும் வருது. கீழ போய்க் கால்ல நிக்குது. பலகையில எந்திரிக்கவே கனக்குது."

"உங்கப்பா சொல்லிக் கொடுத்தாரா? மெல்லிசு போட்டுக்கிட்டு ஆடணும்னு?"

இதற்கு மேல் பேச்சு எங்கே போகும்? வாலுவிடம் பழைய மூன்று மில்லி ஒன்று இருந்தது, கோடைக்கு எடுத்தது. இழுவை நன்றாக இருந்ததால் அது இன்னும் அவளுக்குத் தோல் மாதிரி ஒட்டியது. அதைப் போட்டுக்கொள்கிறேன் என்று அவள் கேட்கும்போதெல்லாம் அம்மாவின் காதில் மகள் குரல் விழவில்லை, புருஷன் குரல்தான் விழுந்தது. ஈரத் தரையில் கிடந்த அந்தத் தலைதான் கண் முன்னால் வந்தது. வாலு அரை மணி நேரத்தில் நடுங்கிக்கொண்டு கரையேறினால், சோம்பேறித்தனம் என்றாள். உதடு வெளுத்திருந்தால், வெறும் வயிற்றோடு போயிருப்பாய் என்றாள். புருஷன் சொன்னால் பொய் என்று சண்டை பிடித்த அதே காரணத்தை, மகளுக்குத் தானே எடுத்துக் கொடுத்தாள்.

போட்டி நாள் விடிந்தது. எந்தச் சனியன் பார்த்து வைத்த நாளோ, அன்றைக்கென்று முதல் வெயில் பளீரென்று அடித்தது. ஞாயிற்றுக்கிழமை வேறு. கரை முழுக்கத் தோலுரிப்புக் கூத்து. பாறை மேல் தடிமன் சூட்டுகள் செத்த கடல்நாய்கள் மாதிரி கிடந்தன. வாளியில் தண்ணீர் மொண்டு பார்த்தாள் வெந்நீர், ஒன்பதைக்கூட எட்டவில்லை. கரும்பலகையில் எட்டு என்று எழுதிய அழுத்தத்தில் சாக்பீஸ் ஒடிந்தது.

கடையின் பின்னறையில் வாலு மெல்லிய சூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் கதவோரம் நின்றான். அவன் ஏற்கனவே மூன்று மில்லியில் இருந்தான்.

"அதைக் கீழ வை" என்றாள் வெந்நீர்.

"அம்மா, இன்னைக்கு ஒரு நாள். இதுதாம்மா எனக்குச் சரியா இருக்கு."

"எட்டு டிகிரி. வாசல் பலகையப் பாத்தியா?"

"பாத்தேன். இது ஒட்டிக்கும்மா. அது ஒட்டல. ஒட்டாத அஞ்சைவிட ஒட்டுற மூணு மேல்னு நீதானே எல்லாருக்கும்..."

"எனக்கே பாடம் எடுக்குறியா?"

மாஸ்டர் மெதுவாக வாயைத் திறந்தான். "அவ சொல்றது என்னன்னு கொஞ்சம் கேளேன்..."

அவ்வளவுதான். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நீங்க பேசவே பேசாதீங்க! நீங்க விழுந்தது போதாதா, இவளும் விழணுமா? கரையில நிக்குற நாலு வெட்டிப் பயலுங்க கைதட்டுறதுக்கு என் பொண்ணு உசுரு வேணுமா உங்களுக்கு? கம்பளிப்பூச்சின்னு சொன்னாச் சொல்லட்டும். கம்பளிப்பூச்சி செத்ததா எவனாவது கேள்விப்பட்டிருக்கானா? போடு அந்தத் தடிமனை!"

அண்ணன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். மாஸ்டர் இந்த முறை சிரிக்கவில்லை. வாலு தடிமன் சூட்டுக்குள் காலை விட்டாள். முகம் வீங்கியிருந்தது. அம்மா ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்து, மேலே போட்டி நடத்துகிறவர்கள் கொடுத்திருந்த சிவப்பு நிறச் சட்டையை மாட்டிவிட்டாள். முதுகில் என்ன சுருக்கம் இருந்தாலும் அந்தச் சிவப்புச் சட்டை மூடிக்கொண்டது. கெட்டிலை எடுத்து வெந்நீர் விட்டாள், மற்றவர்களுக்கு விடுவதைவிட ஒரு குவளை அதிகமாகவே.

முதல் சுற்று சின்னது. வாலு போனாள், இரண்டு அலை பிடித்தாள், வந்துவிட்டாள், ஜெயித்தும்விட்டாள். வெந்நீர் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது சுற்றில்தான் வந்தது வினை. ஆரம்பத்திலேயே வாலு ஓர் அலையைப் பிடித்து, கரையே எழுந்து நிற்கிற மாதிரி சறுக்கினாள். அதற்கப்புறம் கடல் படுத்துக்கொண்டது. அலையே இல்லை. நாலு பெண்களும் பலகை மேல் உட்கார்ந்துகொண்டு, இடுப்பு வரை தண்ணீரில், காத்துக்கொண்டிருந்தார்கள். கையை வீசித் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தால் உடம்பு சூடாக இருக்கும். சும்மா உட்காரும்போதுதான் குளிர் ஏறும். வெந்நீர் கரையில் கெட்டிலோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் எவனோ "நம்ம கம்பளிப்பூச்சி தூங்குதுடோய்" என்றான். திரும்பி அவனை எரித்துவிட்டு மறுபடி கடலைப் பார்த்தபோது ஓர் அலை வந்துகொண்டிருந்தது. சிவப்புச் சட்டை துடுப்புப் போட ஆரம்பித்தது.

வெந்நீருக்குக் கண் நல்ல கூர்மை. மகளின் விரல்கள் விரிந்திருந்தன. கரண்டி மாதிரி சேர்ந்திருக்க வேண்டிய விரல்கள், முள் கரண்டி மாதிரி பிரிந்து, தண்ணீரைத் தள்ளாமல் கீறிக்கொண்டு போயின. விரல்களைச் சேர்க்க முடியவில்லை என்றால் குளிர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறாள், திட்டியிருக்கிறாள், போர்த்தி அனுப்பியிருக்கிறாள்.

"வெளிய வாடி!" என்று கத்தினாள். "வெளிய வா!"

அலை இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? வாலு எழுந்து நிற்கப் பார்த்தாள். காலுக்குள் தேங்கியிருந்த தண்ணீர் அவளைப் பின்னால் இழுத்ததோ என்னவோ, பாதியில் மண்டியிட்டு, பக்கவாட்டில் சரிந்தாள். மேலே வந்தாள். பலகையைப் பிடித்தாள், பிடி நழுவியது. மறுபடி பிடித்தாள். மீட்புக்காரர் போய் அவளைத் தன் பலகையில் போட்டுக் கொண்டுவந்தபோது, மாஸ்டர் கழுத்தளவு தண்ணீருக்குள் ஓடியிருந்தான். வெந்நீர் கெட்டிலை எங்கே போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பின்னறையில் மகளை நிற்க வைத்து, சிவப்புச் சட்டையை உருவி, முதுகு ஜிப்பைக் கீழே இழுத்தாள். இடுப்புக்கு மேலே, கட்டைவிரல் வைத்துப் பார்க்கிற அதே இடத்தில், ஒரு கை நுழைகிற அளவுக்கு ரப்பர் மடிந்து கிடந்தது. சூட்டைக் கால் வழியாக உருவியதும் பச்சைத் தண்ணீர் குபுகுபுவென்று தரையில் கொட்டியது. ஒரு சூட்டுக்குள் அவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அது மேசைக்கு அடியில் ஓடி, வாசல் வழியாகக் கடைக்குள் போயிற்று.

கம்பளியைச் சுற்றினாள், தலையில் துண்டைக் கட்டினாள், சர்க்கரை போட்ட சூடான தேநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. உள்ளே கோபம் கொதித்து ஏறியது, எப்போதும் போல ஆளைத் தேடியது. புருஷன் மேல் பாயலாம் என்று திரும்பினாள். அவன் நடுங்கிக்கொண்டே மகளின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"தடிமனாத்தானே போட்டிருந்தா?" என்றான். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

அண்ணனைத் திட்டலாமா? அவன் சூட் எடுத்த நாளில் ஊரிலேயே இல்லை. கரையில் நின்ற பயல்களையா? அவர்கள் கேலி செய்தார்கள், மகள் அதற்குப் பயந்து மெல்லியது போடவில்லையே. கடலை? வெயிலை? அவளுக்கு அந்தக் கொதிப்பை எங்கே கொட்டுவதென்றே தெரியவில்லை. வாழ்க்கையிலேயே முதல் முறையாகத் திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் அவள் நின்றாள், அது திட்டு வாங்குவதைவிடக் கொடுமையாக இருந்தது.

வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது. முதல் அலைக்குக் கிடைத்த மதிப்பெண்ணே போதுமாக இருந்திருக்கிறது. இறுதிச் சுற்றுக்குப் போகிறவர்களில் சிவப்புச் சட்டையும் உண்டு. வாலு நிமிர்ந்தாள்.

"என் மூணு மில்லியக் குடு. நான் போறேன்."

"சுண்டு விரலையும் கட்டைவிரலையும் சேத்துக் காட்டு."

வாலு கையைத் தூக்கினாள். விரல்கள் பாதி தூரம் வந்து நின்றன. மறுபடி முயன்றாள். இன்னொரு கையால் அமுக்கிச் சேர்க்கப் பார்த்தாள், அந்தக் கையும் அதே கதிதான்.

"கொஞ்ச நேரத்துல சரியாயிடும். தேய்ச்சா சரியாயிடும். அப்பா, தேய்ங்க."

"போகக் கூடாது" என்றாள் வெந்நீர்.

அவள் சொன்னது சரி. அந்த நிலையில் எவரையும் அவள் தண்ணீரில் இறங்க விட்டிருக்க மாட்டாள். ஆனால் காலையில் தவறாகச் சொன்னபோது இருந்த அதே குரலில்தான் இப்போது சரியாகச் சொன்னாள், மகளுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? மாஸ்டர் மகளைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டு தேய்ப்பதைத் தொடர்ந்தான். ஒலிபெருக்கி சிவப்புச் சட்டையை மூன்று முறை கூப்பிட்டது. அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

வாலு அழவில்லை. பற்கள் கடகடவென்று அடித்துக்கொள்ள, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "ஊர்ல இருக்குறவன் முதுகெல்லாம் தடவிப் பாக்குற. குளிர் பூராவும் சொன்னேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், திரும்புன்னு எங்கிட்டச் சொன்னியா?"

வெந்நீர் வாசலுக்கு வந்தாள். அங்கே தோலுரித்த கூட்டம் கூடியிருந்தது, உதடு நீலமாக, தோளைக் குலுக்கிக்கொண்டு. எவனோ மணலிலிருந்து அவளுடைய கெட்டிலை எடுத்து வைத்திருந்தான். "அக்கா, எங்களுக்கும் ஒரு குவளை. கம்பளிப்பூச்சிக்கு மட்டும்தானா?"

அவள் கெட்டிலைப் பிடுங்கி, மிச்சமிருந்ததை அவன் காலடி மணலில் கவிழ்த்தாள். "போங்கடா! ஒருத்தனுக்கும் கிடையாது. வெறைச்சுச் சாவுங்க. உடம்புக்கு ஒட்டுறதைப் போடுங்கடான்னா, வெயிலப் பாத்துட்டு... எத்தனை தடவை சொல்றது, எத்தனை தடவை..." அடுத்து வாயில் வரவிருந்த திட்டு யாருக்குரியது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

"என்னக்கா, ஆறிட்டீங்களா?" என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

அணியில் அந்த இடம் நீலச் சட்டை போட்டிருந்த பெண்ணுக்குப் போனது. நல்ல பெண். போட்டி முடிந்ததும் வந்து வாலுவைப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் மேல் கோபப்படக்கூட வழியில்லை.

வீட்டில் பேச்சு நின்றது. வாலு சாப்பிட்டாள், பள்ளிக்குப் போனாள், வந்தாள், எல்லாவற்றுக்கும் அப்பாவிடம்தான் கேட்டாள். அம்மா கண்ணுக்கு முன்னால் நின்றாலும், "அம்மாவை உப்பு எடுக்கச் சொல்லுங்கப்பா" என்பாள். மாஸ்டர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தூது போய்க்கொண்டிருந்தான், தன் மெல்லிய சூட்டை மடித்துப் பரண் மேல் போட்டான், அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லாமல் செய்ததும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

கடையிலும் அவள் யாரையும் திட்டவில்லை. திரும்புங்க என்பாள், தடவுவாள், சரியில்லை என்றால் அடுத்ததை எடுத்துக் கொடுப்பாள். ஒருவர் தளர்வாகக் கேட்டதற்கு, "வேண்டாங்க" என்று மட்டும் சொன்னாள். அண்ணன் கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்து, "உடம்பு சரியில்லையாடி?" என்றான். அந்தப் பெரிய சூட்டை அவள் தூக்கிப் போடவில்லை. தன் மேசைக்கு எதிரே, வேலை செய்யும்போது கண்ணில் படுகிற ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். அதிலிருந்து சொட்டுவது நிற்கச் சில நாள் ஆனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையில் நல்ல கூட்டம். வெயில் அடித்தது, கரும்பலகையில் இன்னும் ஒன்பதுதான். வெந்நீர் ஒவ்வொருவராகப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே "அடுத்தது யாரு?" என்றாள்.

எதிரில் வாலு நின்றாள். குறுக்கே புகுந்து வரவில்லை. முன்னால் நின்ற ஒரு கணவன் மனைவிக்கும், மூன்று கல்லூரிப் பிள்ளைகளுக்கும் பின்னால், வரிசையில் நின்று வந்திருந்தாள்.

"எனக்குத் தடிமன்ல ஒண்ணு வேணும்" என்றாள். "வாடகைக்கு."

"வாடகையா? ஏண்டி, வீட்டுப் பொண்ணு..."

"வீட்டுப் பொண்ணா வரல." வாலுவின் மூக்கு விடைத்திருந்தது. அம்மாவின் அதே மூக்கு. "அம்மாவா இருந்து பாக்காத. வெந்நீரா இருந்து பாரு."

கல்லூரிப் பிள்ளைகள் சூட்டுக்குள் பாதி கால் விட்டபடி அப்படியே நின்றார்கள். வெந்நீருக்குக் கோபம் வந்தது, பெற்ற பெண் நாலு பேர் முன்னால் இப்படிச் சொன்னதற்கு வந்த கோபம், சொன்னது நியாயம் என்பதற்கு வந்த கோபம். அலமாரிப் பக்கம் திரும்பி, மகளின் அளவை எடுத்தாள். கை அடுத்த அளவுப் பக்கம் போகவில்லை.

வாலு மறைப்புக்குள் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். முக்கி முனகித்தான் போட வேண்டியிருந்தது. கழுத்துப் பட்டைக்குள் ஒரு விரல் விட்டுப் பார்த்தாள் வெந்நீர். அக்குளில் பார்த்தாள். மணிக்கட்டைப் பார்த்தாள்.

"இறுக்குது" என்றாள் வாலு, வேண்டுமென்றே.

"இறுக்கத்தான் செய்யும்."

"அடுத்த குளிருக்கு ஆகாது."

"ஆகாட்டி ஆகாது." குரல் தழுதழுத்ததை மறைக்க அவள் அதட்டலாகவே சொன்னாள். "திரும்பு."

வாலு திரும்பி நின்றாள். வெந்நீர் மகளின் முதுகில், இடுப்புக்கு மேலே, கட்டைவிரலை வைத்து அழுத்தி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். ரப்பர் தோலோடு தோலாக இருந்தது. அதற்குக் கீழே முதுகு விம்மி விம்மி அடங்குவது விரலுக்குத் தெரிந்தது. போட்டி நாளில் அழாததெல்லாம் இப்போது வந்துகொண்டிருந்தது.

சுருக்கம் எதுவும் இல்லை. ஆனாலும் வெந்நீர் கையை எடுக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் செருமினார்.

"அவசரமா இருந்தா வேற கடைக்குப் போங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.